ஏடிபிகல் நிமோனியா: எந்த அச்சில் அடங்காதது?

நோயாளியின் சீட்டில் 'ஏடிபிகல் நிமோனியா' என்று எழுதியிருந்தால், ஏதோ அபூர்வமான நோய் வந்துவிட்டதாக வீட்டில் பயந்துபோகிறார்கள். அபூர்வமே இல்லை. ஆஸ்பத்திரிக்கு வெளியே பெரியவர்களுக்குத் தொற்றும் நிமோனியாவில் இது அடிக்கடி பார்க்கிற ஒன்றுதான். அந்தச் சொல் நோய் அபூர்வம் என்பதைக் குறிக்க வந்ததில்லை.

'ஏடிபிகல்' (atypical) என்ற சொல்லின் வேர் 'டைபோஸ்'. கிரேக்கத்தில் அதற்கு அடித்துப் பதித்த தடம், முத்திரை, அச்சு என்று பொருள். தட்டச்சு என்று நாம் சொல்லும்போது வருகிற அதே அச்சுதான். முன்னால் நிற்கும் 'ஏ' (a) எதிர்மறை. ஆக, அச்சில் அடங்காதது.

சரி, எந்த அச்சு? நியூமோகாக்கஸ் கிருமி உண்டாக்கும் நிமோனியா. திடீரென்று குளிர் நடுக்கம், கடும் காய்ச்சல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், துருநிறச் சளி, எக்ஸ்ரேயில் நுரையீரலின் ஒரு மடல் முழுக்க வெள்ளை. அன்றைய மருத்துவர்களுக்கு நிமோனியா என்றால் அச்சு அசலாக இதுதான். 1938-இல் பிலடெல்பியாவில் ஹோபார்ட் ரைமன் என்ற மருத்துவர், இதற்குப் பொருந்தாத நோயாளிகளைப் பற்றி எழுதினார். தலைவலி, உடல்வலி, வறட்டு இருமல் என்று மெதுவாகத் தொடங்கிய நோய் அது. காரணக் கிருமி தெரியாத நிலையில், தோற்றத்தை வைத்தே பெயர் வைத்தார்கள்.

கிருமி பிடிபடக் கொஞ்ச காலம் ஆனது. 1944-இல் ஈட்டன் குழுவினர் அதைப் பிரித்தெடுத்தபோது வைரஸ் என்றே கருதினார்கள். 1962-இல் சானாக் குழுவினர் வைரஸால் வளர முடியாத, உயிரணு எதுவும் சேர்க்காத ஊடகத்தில் வளர்த்துக் காட்டிய பிறகுதான் பாக்டீரியா வகை என்பது உறுதியானது. அதுதான் மைக்கோபிளாஸ்மா. பெயருக்குப் பொருள் 'பூஞ்சை வடிவம்'. ஆனால் இது பூஞ்சை இல்லை. இதற்குச் செல் சுவரே கிடையாது. பெனிசிலின் ரக மருந்துகள் தாக்குவது அந்தச் சுவர் உருவாவதைத்தான். சுவரே இல்லாத கிருமியை அவை என்ன செய்யும்? 'ஏடிபிகல்' என்ற சொல்லுக்கு இன்றும் உயிர் இருப்பது இதனால்தான். அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின் போன்ற வேறு மருந்து வேண்டியிருக்கலாம் என்று அது மருத்துவருக்கு நினைவூட்டுகிறது.

ஏடிபிகல் நிமோனியா தரும் அடுத்த கிருமியின் பெயரும் பிலடெல்பியாவில் பிறந்ததுதான். 1976 ஜூலையில் அங்கே ஒரு ஹோட்டலில் கூடிய 'அமெரிக்கன் லீஜியன்' என்ற முன்னாள் படைவீரர் அமைப்பினரிடையே நிமோனியா பரவியது. மற்றவர்களையும் சேர்த்து 34 பேர் இறந்தார்கள். பிறகு கண்டுபிடித்த கிருமிக்கு லெஜியோனெல்லா என்று பெயர். இது பொதுவாக ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவதில்லை. குளிரூட்டும் கோபுரம், ஷவர் போன்றவற்றின் நீர்த்திவலையை மூச்சில் இழுப்பதால் வருகிறது. 'ஏடிபிகல் என்றால் லேசானது' என்று யாராவது சொன்னால் அந்த 34 பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதே வகை நிமோனியா தரும் இன்னொரு கிருமி கிளமிடியா. அந்தப் பெயர் 'கிளாமிஸ்' என்ற கிரேக்க மேலங்கியின் பெயரிலிருந்து வந்தது. கிளிகளிடமிருந்து தொற்றும் சிட்டகோசிஸும் இந்தக் குடும்பம்தான். 'சிட்டகோஸ்' என்றால் கிளி.

இப்போது தமிழுக்கு வருவோம். 'இயல்பற்ற நிமோனியா' எனக்குப் பிடிக்கவில்லை. இயல்பான நிமோனியா என்று ஒன்று உண்டா? 'வழக்கத்துக்கு மாறான' என்றால் எப்போதாவது வருவது என்று தொனிக்கிறது. 'வகை மாறிய நிமோனியா' என்பதே பொருந்தும் என்று நினைக்கிறேன். அறிகுறி மாறியதையும் கிருமி மாறியதையும் மருந்து மாறுவதையும் அது சேர்த்துச் சொல்கிறது. 'நுரையீரல் அழற்சி' நல்ல சொல்தான், ஆனால் நோயாளியிடம் பேசும்போது நிமோனியாவே போதும். அது எப்போதோ வீட்டுச் சொல்லாகிவிட்டது. கூடவே வரும் 'கம்யூனிட்டி அக்வயர்டு' என்பதைச் 'சமூகம் பெற்ற' என்று பெயர்த்தால் யாருக்கும் புரியாது. 'ஆஸ்பத்திரிக்கு வெளியே தொற்றியது' என்று சொல்லிவிடலாம்.