நான்கு தொண்டை, ஒரே சுரம்

இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரின் தேவாலயம். பதினாறு பேர் கொண்ட சேம்பர் கொயர் (சிறிய சேர்ந்திசைக் குழு) ஒன்றின் ஒத்திகையைக் கேட்க அனுமதி கிடைத்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மிக உயர்ந்த சுரங்களைப் பாடும் சோப்ரானோ வரிசையில் நான்கு பெண்கள். ஒருவர் ஆப்பரா படித்தவர். இன்னொருவர் எட்டு வயதிலேயே பேராலயக் குழுவில் சேர்ந்தவர். மூன்றாமவருக்கு வயலின்தான் பிழைப்பு. நான்காமவர் பல்கேரியாவில் பாட்டியிடம் நாட்டுப்பாடல் கேட்டு வளர்ந்தவர். நால்வருமே தேர்ந்த பாடகிகள், சுருதி சுத்தம். இருந்தும் 'கீரியே' ('ஆண்டவரே') என்ற வழிபாட்டுச் சொல்லின் முதல் அசையை ஒரு மேல் சுரத்தில் அவர்கள் நீட்டிப் பிடித்தபோது எனக்கு நான்கு குரல்கள் தனித்தனியாகக் கேட்டன. நடத்துநர் கையை இறக்கி, "மறுபடி" என்றார்.

நூறு பேர் பாடும் பெரிய கொயரில் ஒரு குரல் துருத்திக்கொண்டு நின்றாலும் கூட்டத்தில் அமுங்கிப்போகும். நான்கு பேர் என்றால் ஒவ்வொருவரும் அந்த வரிசையின் கால் பங்கு, மறைய இடமில்லை. இரண்டு பேராகக் குறைந்தால் இன்னும் கஷ்டம். ஒருவர் 659 ஹெர்ட்ஸிலும் மற்றவர் 662 ஹெர்ட்ஸிலும் பாடினால் ஒலி கூடிக் குறையும் விம்மல்கள் வினாடிக்கு மூன்று தெளிவாகக் கேட்கும். மூன்று நான்கு பேர் சேரும்போது விம்மல்கள் ஒன்றோடொன்று குழம்பி, ஒழுங்கிழந்து, ஒரு மினுமினுப்பாக மாறிவிடுகின்றன. கொயரின் ஓசை தனிக் குரலிலிருந்து வேறுபட்டுக் கேட்பதற்கு இந்த மினுமினுப்பே முக்கியக் காரணம். ஒரு வரிசைக்கு இருவரைவிட மூவர் மேல் என்று கொயர் நடத்துநர்கள் சொல்வது இதனால்தான்.

சோப்ரானோ எவ்வளவு உயரத்தில் பாடுகிறார் என்பதை நம் கட்டைக் கணக்கில் பார்த்தால் சட்டென்று பிடிபடும். ஐந்து கட்டையில் பாடும் கர்நாடக இசைப் பாடகிக்கு மேல் ஸ்தாயி பஞ்சமம் சுமார் 587 ஹெர்ட்ஸ். கச்சேரியில் அங்கே போய் நின்றாலே சபை நிமிர்ந்து உட்காரும். சோப்ரானோவுக்கு அது நடுவீடு. அங்கிருந்து 880 வரை சாதாரணமாகப் போவார். சில படைப்புகளில் 1,047 ஹெர்ட்ஸையும் தொட வேண்டியிருக்கும். 880 ஹெர்ட்ஸ் என்றால் குரல் நாண்கள் வினாடிக்கு 880 முறை திறந்து மூடுகின்றன.

இந்த உயரத்தில் உயிரெழுத்துகளுக்கு ஒரு சிக்கல் வருகிறது. குரல் நாண்கள் ஒரு அடிப்படைச் சுரத்தையும் அதன் இரு மடங்கு, மும்மடங்கு என்று அடுக்கடுக்காகச் சீரிசைகளையும் எழுப்புகின்றன. தொண்டையும் வாயும் சேர்ந்த குழாய் அவற்றில் சிலவற்றை ஒத்ததிர்வால் தூக்கிவிடுகிறது. நாக்கும் தாடையும் நகரும்போது அந்த ஒத்ததிர்வுகளும் நகர்கின்றன. 'ஈ' வேறு, 'ஆ' வேறு என்று காது அறிவது அதை வைத்துத்தான். 'ஈ' ஒலியில் முதல் ஒத்ததிர்வு சுமார் 300 ஹெர்ட்ஸில் இருக்கிறது, 'ஆ'வில் 700, 800 அளவில். இப்போது 659 ஹெர்ட்ஸில் 'கீ' பாடச் சொன்னால்? பாடுகிற ஒலியில் 300 ஹெர்ட்ஸில் ஒன்றுமே இல்லை. தூக்கிவிட ஆள் தயார், தூக்குவதற்குச் சுமை கிடையாது.

மோவாயில் விரலை வைத்துக்கொண்டு 'ஈ' என்று தொடங்கி, முடிந்தவரை மேலே ஏறிப் பாருங்கள். ஓரிடத்தில் தாடை தானாக இறங்கத் துடிக்கும். பயிற்சி பெற்ற சோப்ரானோக்கள் அந்த இறக்கத்தை மிக நுட்பமாகச் செய்கிறார்கள். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோலிவோ, ஸ்மித், வுல்ஃப் ஆகிய மூவரும் பாடகிகளின் உதட்டருகே பல அதிர்வெண்கள் கலந்த ஒலியைச் செலுத்தி, வாய்க்குழாய் எங்கே ஒத்ததிர்கிறது என்று பாடும்போதே அளந்தார்கள். 2004-இல் நேச்சர் இதழில் முடிவுகள் வந்தன. சுரம் முதல் ஒத்ததிர்வைத் தாண்டி ஏறத் தொடங்கியதும், பாடகிகள் அந்த ஒத்ததிர்வையும் கூடவே ஏற்றிக்கொண்டு போகிறார்கள். குரல் மெலியாமல் ஒலிக்கிறது. அதற்குக் கொடுக்கும் விலை, எழுத்துகள் எல்லாம் 'ஆ' பக்கம் சாய்வது. உச்சத்தில் ஆப்பரா வரிகள் புரியாமல் போவதற்குப் பாடகியின் உச்சரிப்பைக் குறை சொல்வது அநியாயம்.

கொயருக்கு இதில் என்ன பிரச்சினை? தாடை எந்தச் சுரத்தில், எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் தான் கற்ற இடத்தில் பழகிக்கொண்டு வருகிறார்கள். ஆப்பராக்காரர் சீக்கிரமே தாராளமாகத் திறப்பார். தேவாலயத்தில் வளர்ந்தவர் எழுத்தைக் காப்பாற்ற முடிந்தவரை பொறுப்பார். சுரம் ஒன்று, எழுத்தின் நிறம் இரண்டு. காதுக்கு இங்கே ஒரு பலவீனம் உண்டு: பளிச்சென்ற நிறமுள்ள குரல் சற்றே சுருதி ஏறியதாகவும் மங்கிய குரல் இறங்கியதாகவும் அதற்குத் தோன்றும். உண்மையில் சுருதியில் நிற்கும் இருவரைப் பார்த்து "சேரவில்லை" என்று சொல்லிவிடுவோம். அனுபவமுள்ள நடத்துநர் அந்த இடத்தில் சுருதியைப் பற்றிப் பேசவே மாட்டார், "எழுத்தை ஒன்றாக்குங்கள்" என்பார்.

பல்கேரியப் பெண்ணின் தொண்டை வேறொரு வழியில் போகிறது. அந்நாட்டு மரபைப் பற்றி 2007-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பாடகி முதல் ஒத்ததிர்வை இரண்டாம் சீரிசையோடு பொருத்துவது தெரியவந்தது. பேச்சுக்குரலோடு ஒட்டிய, கெட்டியான குரல் அது. வயல்வெளியில் நெடுந்தூரம் போகும். சோஃபியா அருகே பிஸ்திரிட்சா கிராமத்துப் பாட்டிகள் பாடுவதைக் கேட்டால், பக்கத்துப் பக்கத்துச் சுரங்களை வேண்டுமென்றே உரசவிட்டு, அந்த விம்மலையே ருசிப்பது தெரியும். அங்கே அழகு என்பது வேறு. அந்தப் பழக்கத்தோடு சேம்பர் கொயருக்கு வருபவர் குரலைத் திருத்திக்கொள்ளவில்லை, இன்னொரு மொழி கற்கிறார் என்றே நான் சொல்வேன்.

ஆப்பரா குரல் ஏன் துருத்துகிறது என்பதற்கு ஸ்டாக்ஹோமில் விடை தேடினார்கள். அந்த ஊர் இதற்குப் பொருத்தமான ஊர். எரிக் எரிக்ஸன் 1945-இல் தொடங்கிய சேம்பர் கொயர் அங்கேதான் வளர்ந்தது. குரல் ஒலியியலின் முன்னோடி யோஹான் சுன்ட்பெர்க் ஆய்வகத்தில் இருந்தவர் மட்டுமல்ல, கொயரில் நெடுங்காலம் பாடியவர். அவரும் ஸ்டென் டெர்ன்ஸ்ட்ரோமும் தாமஸ் ராஸிங்கும் சேர்ந்து, சோப்ரானோக்களைத் தனிப்பாடகியாக ஒருமுறை, கொயர் உறுப்பினராக ஒருமுறை என்று பாடவைத்து ஒப்பிட்டார்கள்; 1987-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. தனியாகப் பாடும்போது 2,000, 3,000 ஹெர்ட்ஸ் பகுதியில் சக்தி கூடியது, விப்ராட்டோ என்கிற சுருதி அசைவும் அகன்றது. கொயராகப் பாடும்போது இரண்டும் அடங்கின.

அந்த 3,000 ஹெர்ட்ஸ் சாதாரண இடமல்ல. நம் காதுக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், உள்முனையில் செவிப்பறை மூடியிருக்கும். இப்படி ஒரு முனை மூடிய குழாய் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் ஒத்ததிரும். அந்தப் பகுதியில் கொஞ்சம் சக்தி கூடினாலும் காது ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும். ஐம்பது வாத்தியங்களைத் தாண்டிக் கேட்க வேண்டிய ஆப்பரா பாடகிக்கு அது வரம். பக்கத்தில் மூன்றே தோழிகள் நிற்கும்போது அதுவே தொந்தரவு.

விப்ராட்டோவின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். வினாடிக்கு ஐந்து முதல் ஏழு முறை சுருதி மேலும் கீழும் ஆடுவது விப்ராட்டோ. ஓர் அரைச்சுரத்தை 100 சென்ட் என்று பிரித்தால், இந்த ஆட்டம் இரு பக்கமும் சுமார் 50 சென்ட் வரை போகும். இனி காந்தாரத்துக்கு வாருங்கள். தம்புரா நன்றாகச் சேர்ந்துவிட்டால் யாரும் மீட்டாமலே ஒரு அந்தர காந்தாரம் எழும்பி நிற்குமே, அது 5:4 என்ற தூய விகிதம். பியானோவின் காந்தாரம் அதைவிட 14 சென்ட் கூடுதல். பியானோ இல்லாமல் பாடும் கொயர் தேடிப் போவது அந்தத் தம்புரா காந்தாரத்தைத்தான்; அது அமைந்த கணத்தில் தேவாலயத்தின் கல்சுவர்களே பாடுவதுபோல் இருக்கும். 14 சென்ட்டில் ஒளிந்திருக்கும் அந்த அழகை 50 சென்ட் ஆட்டம் விழுங்கிவிடும். விப்ராட்டோவைக் குறைக்கச் சொல்வது இதற்காகத்தான். ஆனால் தொண்டையை இறுக்கி அதை நிறுத்தினால் குரல் களைத்துப்போகும். மூச்சழுத்தத்தைத் தணித்து, தானாக அது சுருங்க வழிவிடுவதே சரி. இதை அவசரப்படுத்துகிற நடத்துநர்களை என்னால் ஏற்க முடியவில்லை.

வயலின்காரருக்கு அந்த 14 சென்ட் விரல்நுனியில் இருக்கிறது. பொருந்தும்வரை விரலை நகர்த்திப் பழகிய காது, குரலையும் அப்படியே நகர்த்தும். பியானோவில் வளர்ந்தவருக்குச் சுரம் என்பது அசையாத கட்டை. எந்தச் சுரத்தையும் துணைச் சுருதி இல்லாமலே இன்னதென்று அறியும் வரம் பெற்றவர்கள் பாடு இன்னும் சங்கடம். குழு முழுவதும் சுருதியில் மெல்ல இறங்கிவரும்போது அவர்களுக்குத் தாளில் ஒன்றும் காதில் ஒன்றுமாக இருக்கும்.

தேவாலயக் குழுவில் வளர்ந்தவரைப் பற்றிச் சொல்லும்போது ஒரு ஆண்டைச் சொல்லியாக வேண்டும். கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் பதினாறு சிறுவர்கள் பாடுவது உலகறிந்தது. நூற்றாண்டுகளாக இங்கிலாந்தின் பேராலயங்களில் இந்தப் பயிற்சி பெரும்பாலும் சிறுவர்களுக்கே. குரல் உடைந்ததும் அவர்கள் சோப்ரானோ வரிசையை விட்டுப் போய்விடுவார்கள். வாழ்நாள் முழுக்க அந்த வரிசையில் பாடப்போகிற சிறுமிகளுக்கோ வாசல் மூடியிருந்தது. 1991-இல் சாலிஸ்பரி பேராலயம் சிறுமிகளுக்கென்று தனிக் குழு தொடங்கியது, மற்றவை பின்தொடர்ந்தன. அதற்கு முந்தைய தலைமுறைப் பெண்கள் வேறு பாதையில் வந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்கமும் லத்தீனும் படித்து, பள்ளி ஆசிரியையாக இருந்து, கொயரில் ஆசைக்குப் பாடியவர் எம்மா கிர்க்பி. தெளிந்த நீர் மாதிரியான அவர் குரல், பழைய இசையை உலகம் கேட்கும் விதத்தையே மாற்றியது.

கடைசியாக ஒன்று, காது. தன் குரல் தனக்குக் கேட்காவிட்டால் யாரானாலும் கத்தத் தொடங்குவார்கள். 1911-இல் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைப் பதிவு செய்தார். கொயர் பாடகர்கள் மற்றவர்களின் ஒலியைவிடத் தம் குரல் சராசரியாக 6 டெசிபல் கூடுதலாகக் கேட்பதை விரும்புகிறார்கள் என்று டெர்ன்ஸ்ட்ரோம் அளந்திருக்கிறார். தனியாகப் பாடிப் பழகியவருக்கு நெருக்கி நிற்கும் வரிசையில் அது கிடைக்காது. அழுத்துவார், 3,000 ஹெர்ட்ஸ் ஏறும், பக்கத்தவரும் அழுத்துவார்.

அந்த ஒத்திகையில் நடத்துநர் ஆப்பரா பாடகியை ஓரத்துக்கு மாற்றினார். வயலின்காரரை நடுவில் நிறுத்தினார். பிறகு நால்வரையும் கை நீட்டினால் தோள் தொடும் தூரத்துக்கு விலகி நிற்கச் சொன்னார். மறுபடி 'கீ'. நான் கண்ணை மூடிக்கொண்டு யார் குரல் எது என்று தேடினேன், பிடிபடவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், நான்கு தாடைகளும் ஒரே அளவுக்கு இறங்கியிருந்தன.