சிங்கப்பூர்க் கல்லும் ஆனைமங்கலச் செப்பேடும்: சமயமும் பண்டைய உலகமும் படிக்கப் போகிறவர்களுக்கு

சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்தில் எழுத்துப் பொறித்த பாறை ஒன்று நின்றது. 1843-இல் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதன் எழுத்தை இன்றுவரை யாரும் உறுதியாகப் படிக்கவில்லை. ஆனாலும் அது சோழர் கல்வெட்டுதான் என்று அடித்துச் சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. சமயத்தையும் பண்டைய உலகத்தையும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் இத்துறைக்கு வரும் தமிழ் மாணவர்கள் முதலில் சறுக்குவதும் இதில்தான்: முடிவைக் கையில் வைத்துக்கொண்டு சான்று தேடுவது.

பெற்றோருக்கு ஒரு சொல். இது சமய வகுப்பு அல்ல. கோயிலில் தேவாரம் ஓதக் கற்பிக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் அதைப் பாடியவர் யார், எந்த நூற்றாண்டு, தொகுத்தது எப்போது, கையில் உள்ள ஏடு எப்போது படியெடுத்தது என்று கேட்பார்கள். நம்பிக்கையை விடச் சொல்ல மாட்டார்கள். அதையே சான்றாக எழுதினால் மதிப்பெண் போகும்.

பயிற்சிக்கு ஆனைமங்கலச் செப்பேடுகளைவிட நல்ல ஆவணம் இல்லை. மொத்தம் 21 ஏடுகள்: 5 வடமொழியில், 16 தமிழில். சைவனான முதலாம் ராசராசன், நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு (துறவியர் மடத்துக்கு) ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்த, சமணப் பள்ளிகளுக்கு விடும் கொடையாகக் கொடுத்த செய்தி இது. தமிழ்ப் பகுதி, விகாரத்தை எடுப்பிப்பவன் (கட்டுவிப்பவன்) கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரசன் சூளாமணிவர்மன் என்கிறது. வடமொழிப் பகுதியோ, அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் தந்தை பெயரால் கட்டினான் என்கிறது. எது பொய்? இரண்டும் பொய்யல்ல. தமிழ்ப் பகுதி ராசராசனின் ஆணை. வடமொழிப் பகுதி அவனுக்குப் பின் ராசேந்திரன் காலத்தில் எழுதியது. ஒரே வளையத்தில் கோத்திருப்பதால் ஒரே காலத்து எழுத்து என்று எண்ணுபவர்கள் இங்கே தடுமாறுவார்கள்.

1025-இல் ராசேந்திரனின் கடற்படை அதே கடாரத்தைத் தாக்கியது. உடனே “சைவ பௌத்தப் பகை” என்று கட்டுரை எழுதிவிடக் கூடாது. முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சிறிய செப்பேடுகளில், கடாரத்து அரசன் கேட்டபடி அந்த விகாரத்தின் ஊர்களுக்கு வரி விலக்கு கிடைத்திருக்கிறது.

ஆண்டுக் கணக்கில் தவறுபவர்கள் ஏராளம். ராசராசன் 985-இல் பட்டமேறினான். ஆணை அவனது 21-ஆம் ஆட்சியாண்டு. 985-உடன் 21-ஐ அப்படியே கூட்டினால் 1006. முதல் ஆண்டே 985-இல் தொடங்குவதால் சரியான விடை 1005–06. சக ஆண்டு என்ற பழைய கணக்கில் எழுதியிருந்தால், கி.பி. ஆண்டு காண 78 கூட்டுங்கள். ஆண்டின் கடைசி மாதங்களுக்கு 79.

எழுத்திலும் கவனம் வேண்டும். கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் தெரியாது. நம் ஊகத்தில் சேர்த்த எழுத்தை அடைப்புக்குறிக்குள் காட்டாவிட்டால், அடுத்து படிப்பவர் அதை மூலம் என்றே நம்புவார்.

தொடக்கக் கல்லூரியில் எச்2 தமிழ்மொழியும் இலக்கியமும் படித்தவர்களுக்குச் சங்கப் பாட்டு பழக்கம். அது பெரிய பலம். ஆனால் அதற்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் 14-ஆம் நூற்றாண்டினர். அவர் உரையில் வரும் சமயக் கருத்தைச் சங்க காலத்துக்கு ஏற்றக் கூடாது. பாட்டுக்கு ஒரு காலம், உரைக்கு ஒரு காலம் எனத் தனித்தனியே குறியுங்கள்.

தமிழ் மட்டும் போதாது. சேரர் துறைமுகமான முசிறியின் வணிகத்தைப் பற்றிய 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஆவணம் கிரேக்கத்தில் இருக்கிறது. பௌத்தத்துக்குப் பாலி மொழி வேண்டும். சேருமுன் பாடத்திட்டத்தைத் திறந்து, மூலமொழி எத்தனை பருவம் கற்பிக்கிறார்கள் என்று பாருங்கள். முதலாண்டிலேயே ஒரு மொழியைத் தொடங்குங்கள். கடைசி ஆண்டில் ஆய்வேட்டோடு சேர்த்துத் தொடங்கினால் இரண்டும் கெடும்.

விண்ணப்பிக்குமுன் ஒரு சனிக்கிழமை எம்பிரஸ் பிளேசில் உள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குப் போங்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்குக் கட்டணம் இல்லை. தென்னிந்தியச் சிற்பம் ஒன்றின் முன் நின்று அட்டையில் உள்ள காலத்தை எழுதிக்கொள்ளுங்கள். அது எதனால் தெரிந்தது: பொறிப்பாலா, கிடைத்த இடத்தாலா, வெறும் சிற்ப பாணியாலா? ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரம் இனித்தால் விண்ணப்பியுங்கள்.