டிரெய்னியா, அப்ரண்டிஸா? கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்த எண்ணைக் கேளுங்கள்

ஆர்டர் குறைந்தால் கம்பெனி முதலில் வெட்டுவது பயிற்சிச் செலவை. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு வெளியாள் வந்து வகுப்பு எடுப்பது நின்றுபோகும். ஆனால் 'பயிற்சி' என்ற சொல் மட்டும் அந்த நேரத்தில்தான் பெருகும். நிரந்தர ஆள் எடுப்பது நின்று, அதே மெஷினில், அதே ஷிப்டில் 'டிரெய்னி' நிற்பார். காரணம் எளிது. சட்டப்படியான அப்ரண்டிஸுக்குப் பி.எஃப். கட்ட வேண்டாம், இ.எஸ்.ஐ. கட்ட வேண்டாம். பயிற்சி முடிந்து அனுப்பினால் ஆட்குறைப்பு இழப்பீடும் இல்லை. மேலாக, உதவித்தொகையில் ஒரு பங்கை அரசே ஏற்கிறது.

சட்டத்தின் பெயர் அப்ரண்டிஸ் சட்டம், 1961. அரசுத் தமிழில் தொழிற்பழகுநர் சட்டம். ஒப்பந்த ஆட்களையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம், தன் ஆள் பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும். பின்னணி இவ்வளவு போதும்.

சிக்கல் என்னவென்றால், கம்பெனிகள் 'டிரெய்னி' என்று கூப்பிடும் எல்லோரும் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. அரசு போர்ட்டலில் ஒப்பந்தம் பதிவாகி, அதற்கு ஓர் எண் இருந்தால்தான் நீங்கள் அப்ரண்டிஸ். லெட்டர்பேடில் 'டிரெய்னி', 'லேர்னர்', 'அப்ரண்டிஸ்' என்று என்ன அச்சடித்திருந்தாலும், எண் இல்லை என்றால் கம்பெனி உங்களை வேறு கணக்கில் வைத்திருக்கிறது. 1961 சட்டப்படி எடுக்கப்படாத 'அப்ரண்டிஸ்' ஊழியர்தான் என்று பழைய இ.எஸ்.ஐ. சட்டமே வெளிப்படையாகச் சொன்னது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், 'ஊழியர்' என்ற வரையறையில் அப்ரண்டிஸ்களில் விலக்கி வைப்பது 1961 சட்டப்படி எடுக்கப்பட்டவரைத்தான். ஆக, பதிவும் செய்யாமல், பி.எஃப்., இ.எஸ்.ஐ.யும் கட்டாமல் வைத்திருந்தால், அதற்குக் கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பழைய பி.எஃப். சட்டம் நிறுவனத்தின் நிலையாணைப்படி (ஸ்டாண்டிங் ஆர்டர், அதாவது நிறுவனத்தின் வேலை விதிகள்) எடுக்கப்பட்ட அப்ரண்டிஸையும் விலக்கியிருந்தது. 2006-இல் மங்களூரைச் சேர்ந்த ஒரு பாக்குக் கூட்டுறவு நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றமும் அந்த விலக்கை ஏற்றது. கம்பெனி வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்தத் தீர்ப்பைத்தான். நிலையாணை என்று ஒன்று அங்கே உண்டா, அதில் பயிற்சிக்காலம் எத்தனை மாதம் என்று இருக்கிறது, உண்மையில் பயிற்சி நடந்ததா அல்லது முதல் வாரத்திலிருந்தே உற்பத்தியா என்று திருப்பிக் கேளுங்கள்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியது

ஐ.டி.ஐ. முடித்தவர், பள்ளிப் படிப்போடு சேருபவர் என்றால் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா போர்ட்டல். டிப்ளமோ, பட்டம் என்றால் பெரும்பாலும் நாட்ஸ் (NATS, தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டம்) போர்ட்டல். கணக்கை நீங்களே திறங்கள், உங்கள் சொந்த மொபைல் எண்ணில். இதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். 'நாங்களே பதிவு செய்துவிடுகிறோம்' என்று எச்.ஆர். தன் எண்ணையோ ஏஜென்சியின் மின்னஞ்சலையோ போட்டுவிடும். பிறகு உங்கள் ஒப்பந்தத்தை உங்களாலேயே பார்க்க முடியாது. ஒப்பந்தம் எப்போது தொடங்கியது, எப்போது முடிகிறது, எந்தத் தொழில் பிரிவு, எவ்வளவு உதவித்தொகை என்பதெல்லாம் அவர்கள் சொல்வதுதான். சிலரை வெல்டர் வேலைக்கு நிறுத்திவிட்டு, போர்ட்டலில் வேறேதோ ஆறு மாதப் பிரிவில் பதிந்திருப்பார்கள். கடைசியில் வரும் சான்றிதழ் அந்த வேறேதோ பிரிவுக்குத்தான் வரும்.

ஒப்பந்தம் கையெழுத்தான ஏழு நாளுக்குள் விவரத்தைப் போர்ட்டலில் ஏற்ற வேண்டும் என்பது சட்டம். 'மூன்று மாதம் பார்த்துவிட்டுப் பதிவு செய்வோம்' என்று சொன்னால் அந்த மூன்று மாதமும் நீங்கள் ஊழியர். அதைக் கணக்கில் வையுங்கள்.

பதிவுக்கு, மருத்துவப் பரிசோதனைக்கு, 'போர்ட்டல் சார்ஜ்' என்று ஏஜென்சி காசு கேட்டால் கொடுக்காதீர்கள். போர்ட்டலில் பதிவு இலவசம்.

தகுதியில் இருக்கும் கண்ணி

இதைத்தான் யாரும் சொல்வதில்லை. டிப்ளமோ அல்லது பட்டம் முடித்தபின் ஓராண்டு அல்லது அதற்கு மேல் வேலை அனுபவமோ பயிற்சியோ பெற்றவர், அந்தப் பிரிவில் அப்ரண்டிஸாகச் சேர முடியாது. விதியின் நோக்கம் நல்லதுதான், புதிதாகப் படிப்பு முடித்தவருக்கே வாய்ப்புப் போகட்டும் என்பது. மந்தக் காலத்தில் அது இரண்டு பக்கமும் வெட்டுகிறது.

ஒன்று, இரண்டு வருடம் வேலை பார்த்தவரை நீக்கிவிட்டு, 'இப்போது அப்ரண்டிஸாகச் சேருங்கள், நிலைமை சரியானதும் எடுத்துக்கொள்கிறோம்' என்பார்கள். அவர் தகுதியே இல்லாதவர். அனுபவத்தை மறைத்துப் பதிந்தால், பின்னால் யு.ஏ.என். (பி.எஃப். அடையாள எண்) கணக்கில் பழைய பி.எஃப். தெரியும், அப்போது பொய் சொன்னவர் நீங்கள் என்று ஆகும். இரண்டு, பதிவே செய்யாமல் ஒரு கம்பெனி பதினான்கு மாதம் 'டிரெய்னி'யாக வைத்துவிட்டு அனுபவக் கடிதமும் கொடுத்து அனுப்பிவிடும். அடுத்த கம்பெனியில் முறையான அப்ரண்டிஸ் இடம் கிடைக்கும்போது அந்தக் கடிதமே வாசலை அடைக்கும். படிப்பு முடித்த முதல் ஆண்டை அதனால் பதிவில்லாத பயிற்சிக்குக் கொடுக்காதீர்கள்.

பாதியில் ஒப்பந்தம் முறிந்த டிப்ளமோ, பட்டதாரி அப்ரண்டிஸ் மறுபடி சேரவும் அப்ரண்டிஸ் ஆலோசகரின் (இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் அரசு அதிகாரி) முன் அனுமதி வேண்டும். கோபத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. வேறு இடத்தில் அப்ரண்டிஸ் வாய்ப்பு இருக்கிறது என்றால், அந்த அனுமதியை வாங்கிய பிறகு விலகுங்கள்.

பணம் எங்கே தேங்குகிறது

2019 விதித் திருத்தப்படி மாதக் குறைந்தபட்சத் தொகை: பத்தாம் வகுப்புக்கு 6,000 ரூபாய், பன்னிரண்டுக்கும் ஐ.டி.ஐ.க்கும் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டத்துக்கு 9,000. இரண்டாம் ஆண்டில் 10 சதவீதம் கூட வேண்டும். 2025 மே மாதம் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் இதை 36 சதவீதம் உயர்த்தப் பரிந்துரைத்தது. நீங்கள் கையெழுத்திடும் நாளில் போர்ட்டல் காட்டும் குறைந்தபட்சத் தொகைதான் கணக்கு. கம்பெனி கையேட்டில் இருக்கும் பழைய எண்ணை ஏற்காதீர்கள்.

தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் அரசின் பங்கு 25 சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாய். 2023 முதல் இது நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வருகிறது. 7,000 ரூபாய் ஒப்பந்தத்தில் கம்பெனி 5,500 போடும், மீதி 1,500 அரசிடமிருந்து வரும். ஆதார் வங்கிக் கணக்கோடு 'லிங்க்' ஆகியிருப்பது மட்டும் போதாது. நேரடி மானியம் வரும்படி 'சீடிங்' ஆகியிருக்க வேண்டும், இரண்டும் வேறு. வங்கியில் போய் இந்தச் சொல்லைச் சொல்லியே கேளுங்கள். பழைய கேஸ் மானியக் கணக்கு ஒன்றில் சீடிங் இருந்து, பணம் ஆறு மாதமாக அங்கே விழுந்துகொண்டிருப்பதும் உண்டு. மாதம் வருகைப்பதிவைக் கம்பெனி போர்ட்டலில் ஏற்றாவிட்டாலும் 1,500 வராது. எச்.ஆர். 'கவர்மென்ட் லேட்' என்பார். போர்ட்டலில் உள்ளே போய், அந்த மாத விவரத்தைக் கம்பெனி ஏற்றியதா என்று முதலில் பாருங்கள். அரசு தாமதமும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எல்லாத் தாமதமும் அரசுடையதல்ல.

தொகை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் வர வேண்டும். தற்செயல் விடுப்புக்கும் மருத்துவ விடுப்புக்கும் பிடித்தம் கூடாது. பீஸ் ரேட்டில் கணக்குப் போட்டுக் கொடுப்பதைச் சட்டம் நேரடியாகத் தடுக்கிறது. திருப்பூர்ப் பக்கம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் 13-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. உற்பத்தி இலக்கு போனஸிலும் சேர்க்கக் கூடாது. ஓ.டி. வேண்டுமென்றால் ஆலோசகரின் அனுமதி வேண்டும், அதுவும் பயிற்சிக்கோ பொதுநலனுக்கோ தேவை என்றால்தான். 'டிரெய்னிக்கு ஓ.டி. பணம் கிடையாது' என்பது பாதி உண்மை. அனுமதியில்லாமல் ஓ.டி.யே கிடையாது என்பது முழு உண்மை.

கை நசுங்கினால்? பதிவான அப்ரண்டிஸுக்குத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட முறைப்படி கம்பெனி இழப்பீடு தர வேண்டும் (16-ஆம் பிரிவு). பதிவில்லாதவர் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் இருந்தால் அந்த வழி. இரண்டிலும் சேர்க்காமல் வைத்திருக்கும் கம்பெனி, ஆஸ்பத்திரி பில்லைக் கட்டிவிட்டு ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்கும். போடாதீர்கள்.

பாண்டு

பயிற்சி முடிந்து இரண்டு வருடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு லட்சம் என்று எழுதி வாங்குவார்கள். பதிவான அப்ரண்டிஸ் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நிபந்தனை இருந்தால், கம்பெனியும் தகுந்த வேலை கொடுக்கக் கடமைப்பட்டது, சம்பளம் உட்பட (22-ஆம் பிரிவு). காலமோ சம்பளமோ நியாயமில்லை என்று பட்டால் ஆலோசகர் திருத்தலாம். அந்த நிபந்தனை இல்லாத ஒப்பந்தத்தில் கம்பெனிக்கு வேலை தரும் கடமை இல்லை. 'முடிந்ததும் பெர்மனென்ட்' என்று வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை.

சாதாரண வேலை பாண்டு வேறு. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கியின் இரண்டு லட்ச ரூபாய் பாண்டைச் செல்லும் என்றது. ஆகவே 'பாண்டு எதுவும் செல்லாது' என்று யாராவது தைரியம் சொன்னால் நம்பிக் கையெழுத்திடாதீர்கள். அசல் சான்றிதழ்களை மட்டும் எந்த நிலையிலும் கொடுக்க வேண்டாம். பார்த்துவிட்டு நகலை வைத்துக்கொள்ளட்டும்.

ஆர்டர் இல்லை என்று நடுவில் நிறுத்தினால்

ஒப்பந்தத்தைக் கம்பெனி மீறி அதனால் அது முறிந்தால், கடைசியாக வாங்கிய உதவித்தொகையின் மூன்று மாத அளவு இழப்பீடு உண்டு. அதைத் தவிர்க்கத்தான் உங்களிடமே 'சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்' என்று எழுதி வாங்குவார்கள். மந்தக் காலத்தில் அதிகம் நடக்கும் ஏமாற்று இதுதான். எழுதிக் கொடுக்காவிட்டால் சான்றிதழ் வராது என்பார்கள். எழுதிக் கொடுத்தாலும் வராது, பயிற்சிக்காலம் முடியவில்லையே. நாளை முதல் வர வேண்டாம் என்று வாயால் சொன்னால், அன்றே கம்பெனி மின்னஞ்சலுக்கு 'இன்று இன்னார் என்னை உள்ளே விடவில்லை, நான் பயிற்சிக்குத் தயாராக இருக்கிறேன்' என்று இரண்டு வரி அனுப்புங்கள். பிறகு நடக்கும் எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு வரிதான் ஆதாரம்.

எந்த அலுவலகம்?

இங்கேதான் அலைக்கழிப்பு. தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனால் 'அப்ரண்டிஸ் தொழிலாளி இல்லை' என்று அனுப்பிவிடுவார்கள். 18-ஆம் பிரிவு அவர்கள் பக்கம். அப்ரண்டிஸ் அலுவலகம் போனால் 'எங்களிடம் பதிவு இல்லை' என்பார்கள். இரண்டு கதவும் மூடுவது ஒரே கேள்வியில், ஒப்பந்த எண் உண்டா இல்லையா.

எண் உண்டு என்றால்: பட்டதாரி, டிப்ளமோ அப்ரண்டிஸுக்குச் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டல அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம். ஐ.டி.ஐ. முதலிய மற்றவர்களுக்கு, கம்பெனி தமிழ்நாட்டோடு நின்றால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம். கம்பெனி நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் தொழில் நடத்தினால் மாநில அலுவலகத்துக்கு அதிகாரமில்லை, கிண்டியில் உள்ள மத்தியத் திறன் மேம்பாட்டு மண்டல இயக்ககம் போக வேண்டும். பெரிய கம்பெனிகளில் பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான், ஆனால் எல்லோரும் முதலில் மாவட்ட அலுவலகத்தில் இரண்டு மாதம் இழக்கிறார்கள். மனுவை 20-ஆம் பிரிவின்படி 'தகராறு' என்று தலைப்பிட்டுக் கொடுங்கள், 'புகார்' என்று வேண்டாம். தகராறில் ஆலோசகர் முடிவு சொல்லியாக வேண்டும், புகாரைக் கோப்பில் வைக்கலாம். முடிவு வந்த 30 நாளுக்குள் கவுன்சிலுக்கு மேல்முறையீடு.

எண் இல்லை என்றால் பி.எஃப்., இ.எஸ்.ஐ., தொழிலாளர் அலுவலகங்கள். அடையாள அட்டை, ஷிப்ட் பட்டியல், வங்கி ஸ்டேட்மென்ட், சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய உற்பத்தி இலக்கு எல்லாவற்றையும் வேலையில் இருக்கும்போதே சேர்த்துவிடுங்கள். வெளியே வந்தபின் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

'எங்கள் வரம்பில்லை' என்று வாயால் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், இந்த நிறுவனத்துக்கு அப்ரண்டிஸ் ஆலோசகர் யார், என் பெயரில் ஒப்பந்தம் பதிவாகியுள்ளதா என்று இரண்டே கேள்வி. வேறு அலுவலகத்துக்குரியது என்றால் ஐந்து நாளில் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். கட்டணம் 10 ரூபாய். மாநில அலுவலகத்துக்கு நீதிமன்ற வில்லை ஒட்டலாம். தரமணிக்கும் கிண்டி மத்திய அலுவலகத்துக்கும் வில்லை ஒட்டி அனுப்பினால் திரும்பி வரும், போஸ்டல் ஆர்டர் வையுங்கள் அல்லது இணையத்தில் கட்டுங்கள்.

பயிற்சி முடியும் மாதத்தில் ஒரு வேலை பாக்கி. கம்பெனி போர்ட்டலில் 'நிறைவு' என்று குறிக்காவிட்டால் தேர்வுக்கோ சான்றிதழுக்கோ உங்கள் பெயர் போகாது. எச்.ஆர். தரும் அனுபவக் கடிதம் அதற்கு ஈடாகாது. ரயில்வேயின் லெவல்-1 (கடைநிலை) பணிகளில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கான 20 சதவீத இடத்துக்கு அந்தக் கடிதத்தை யாரும் வாங்கிப் பார்ப்பதுகூட இல்லை. கடைசி நாளுக்கு முன், கேட்டைத் தாண்டுவதற்குள், போர்ட்டலைத் திறந்து பார்த்துவிடுங்கள்.