40 குழந்தைகள், 3 மாதம்: பால்வாடியும் குழந்தைக் காப்பகமும் கேட்டு வாங்குவது எப்படி?

கட்டடம் எழும்பும் இடங்களில் இந்தக் காட்சியைப் பலரும் பார்த்திருப்போம். வேப்பமரக் கிளையில் சேலைத் தூளி, அதற்குள் கைக்குழந்தை. பக்கத்தில் நின்று ஆட்டிக்கொண்டிருப்பது 5 வயது அக்கா. அம்மா மேலே சாரத்தில் கலவைச் சட்டி தூக்கிக்கொண்டிருப்பார். அந்த அக்காவும் குழந்தைதான் என்பது நமக்குச் சட்டென்று உறைப்பதில்லை. இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் தனியாகப் போய்க் கேட்கிற தாயை "அப்புறம் வாம்மா" என்று அனுப்பிவிடுவது எளிது. 20 பேர் கையெழுத்தோடு போனால் அப்படி அனுப்புவது சிரமம்.

முதலில் அங்கன்வாடி. ஊரில் பலருக்கு அது இன்னும் பால்வாடிதான். 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் தொடங்கியது. 26 வருடம் கழித்தும் பல குடியிருப்புகளுக்கு, குறிப்பாக ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் இடங்களுக்கு, அது போய்ச் சேரவில்லை. 2001-ல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கிடங்குகளில் தானியம் குவிந்து கிடக்கும்போது மக்கள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்பதுதான் வழக்கு. அந்த வழக்கில் 2006 டிசம்பர் 13 அன்று வந்த உத்தரவை ஒவ்வொரு தாயும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பேன். ஒரு குடியிருப்பில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 40 பேராவது இருந்து, அங்கே அங்கன்வாடி இல்லை என்றால், கிராமத்து மக்களும் குடிசைப் பகுதி மக்களும் அதைக் கேட்டுப் பெறலாம். கேட்ட நாளிலிருந்து 3 மாதத்துக்குள் அமைத்துத் தர வேண்டும்.

கேட்ட நாளிலிருந்துதான் கணக்கு. ஆகவே கேட்டதற்குச் சாட்சி வேண்டும். வாய்மொழியாகச் சொன்னது எதற்கும் உதவாது. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய் குழந்தையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், கதவு எண் எழுதுங்கள். 40-ஐத் தாண்டியதும் மனு எழுதுங்கள். அருகில் உள்ள அங்கன்வாடி எவ்வளவு தூரம், நடுவில் நெடுஞ்சாலையோ ரயில் பாதையோ வாய்க்காலோ இருக்கிறதா என்பதையும் சேருங்கள். 3 வயதுப் பிள்ளை அந்த வழியில் நடந்து போக முடியுமா என்பதுதானே விஷயம். உத்தரவின் தேதியை மனுவிலேயே குறிப்பிடுங்கள். வட்டாரத்தில் இருக்கும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் ஒரு பிரதி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் ஒரு பிரதி. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பதிலே வரவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் "மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

சரி, அங்கன்வாடி வந்துவிட்டால் போதுமா? போதாது. 2 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குச் சத்துமாவு கிடைக்கும், நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. பெரிய பிள்ளைகளுக்கும் அம்மா வேலை முடிந்து வரும்வரை மையம் திறந்திருக்காது. இந்த இடைவெளிக்குத்தான் ஒன்றிய அரசின் பால்னா திட்டம். பெண்கள் நலனுக்கான மிஷன் சக்தி என்ற திட்டத் தொகுப்பின் ஒரு பகுதியாக 2022-ல் வந்தது. 6 மாதம் முதல் 6 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பராமரிப்பு, தூங்க இடம், உணவு, எடை பார்ப்பது, தடுப்பூசி எல்லாம் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகத்தில். தாய் வேலைக்குப் போகிறாரா இல்லையா என்பது நிபந்தனை இல்லை. நாடு முழுவதற்கும் 17,000 காப்பகங்கள் என்று இலக்கு வைத்தார்கள். நாட்டின் அளவுக்கு அது மிகக் குறைவு. அதனாலேயே "எங்கள் அங்கன்வாடியைக் காப்பகத்தோடு நடத்துங்கள்" என்ற கோரிக்கை கீழிருந்து எழ வேண்டும். கர்நாடகத்தில் வேலையுறுதித் திட்டத்துக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்காக ஊராட்சிகளில் "கூசின மனெ" என்று குழந்தை இல்லங்கள் தொடங்கினார்கள். பக்கத்து மாநிலத்தில் முடிந்தது இங்கே ஏன் முடியாது?

அடுத்து வேலை செய்யும் இடம். 50 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் உள்ள நிறுவனம் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தில் சேர்த்தார்கள். அதே விதி இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இருக்கிறது. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. 50 என்பது ஆண்களையும் சேர்த்து. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்களும் ஊழியர் என்ற வரையறைக்குள் வருவார்கள், ஆகவே "எங்கள் கணக்கில் 30 பேர்தான்" என்றால் நம்பிவிடாதீர்கள். இடைவேளைகளையும் சேர்த்து ஒரு நாளைக்கு 4 முறை தாய் போய்ப் பிள்ளையைப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு, பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை, 2 இடைவேளை தனியாக உண்டு. நிறுவனம் தனியாகக் காப்பகம் கட்டத் தேவையில்லை. நகராட்சி நடத்தும் காப்பகத்தையோ, சில நிறுவனங்கள் சேர்ந்து நடத்துவதையோ பயன்படுத்தலாம்.

இதில் எனக்கு வருத்தம் ஒன்று உண்டு. பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் 30 பெண்களுக்கு மேல் இருந்தாலே காப்பகம் வைக்க வேண்டியிருந்தது. 35 பெண்கள் மட்டும் தைக்கிற ஒரு சின்ன ஆலை புதிய கணக்கில் வெளியே போய்விடுகிறது. தொழிற்சங்கங்கள் இதை விடாமல் எழுப்ப வேண்டும்.

இந்த உரிமைகள் மேலிருந்து தானாக இறங்கி வந்தவை இல்லை. 1969-ல் டெல்லியில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டுமான இடத்தில் புழுதியில் கிடந்த பிள்ளைகளைப் பார்த்து மீரா மகாதேவன் தொடங்கியதுதான், வேலையிடங்களில் காப்பகம் நடத்தும் மொபைல் க்ரெஷஸ் அமைப்பு. அகமதாபாத்தில் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவாவின் பெண்கள் கூட்டுறவாகவே காப்பகம் நடத்திக்காட்டினார்கள். இலங்கை மலையகத் தோட்டங்களில் "பிள்ளை மடுவம்" என்று இதற்குத் தனிப் பெயரே உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று அந்தப் பெயரிலேயே தெரிகிறது.

நிறுவனம் மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு எழுதுங்கள். ஆலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும். பெயர் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானது. அதனால் சங்கத்தின் பெயரிலோ மாதர் அமைப்பின் பெயரிலோ மனு போகட்டும்.

ஊரில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. சுய உதவிக் குழுப் பெண்கள் முன்கூட்டியே பேசிவைத்து, குழந்தைகளின் பட்டியலோடு போய், தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். பேசியது பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தீர்மான நகலை வாங்கி அங்கன்வாடி மனுவோடு இணைத்துவிடுங்கள்.