அரேகா பாமுக்கு ஊற்றும் தண்ணீரை ஒருமுறை அளந்து பாருங்கள்

சென்ற ஆண்டு ஆவணியில் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கூப்பிட்டிருந்தார். கூடத்து ஜன்னலோரம் இடுப்பளவு உயரத்தில் ஒரு அரேகா பாம், வீட்டுக்குள் தொட்டியில் அழகுக்கு வளர்க்கும் பனை இனச் செடி. இலை ஒவ்வொன்றின் நுனியிலும் ஊதுவத்தியால் சுட்டது போல அரை அங்குலப் பழுப்பு.

"தண்ணி ஊத்தலன்னு நினைக்காதீங்க தம்பி. தினம் ரெண்டு சொம்பு ஊத்துறேன். அதுவும் ஃபில்டர்லேர்ந்து வெளிய போற தண்ணியப் புடிச்சு வெச்சு ஊத்துறேன். வீணாக்க மனசு வரல."

வீட்டுச் செடிப் பராமரிப்பு என் தொழில். பையில் கத்தரிக்கோலோடு ஒரு டிடிஎஸ் மீட்டரும் இருக்கும். பேனா மாதிரிதான், தண்ணீரில் நனைத்தால் கரைந்திருக்கும் உப்பின் அளவைச் சொல்லிவிடும். அந்த வீட்டு போர் தண்ணீர் லிட்டருக்கு 1,240 மில்லிகிராம் காட்டியது. அம்மா சொன்ன ஆர்.ஓ. ஃபில்டரின் கழிவுநீர் வாளியில் நனைத்தேன்: 2,160. அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு எண்ணை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். நாம் குடிக்கவே கூடாத தண்ணீரைத்தான் செடிக்கு தினம் ரெண்டு சொம்பு கொடுத்துக்கொண்டிருந்தோம். ஆர்.ஓ. இயந்திரம் உப்பை அழிப்பதில்லை, ஒரு குழாயிலிருந்து இன்னொரு குழாய்க்குத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். உள்ளே போகும் தண்ணீரில் பாதி நல்லதாக வந்தால், மீதிப் பாதியில் உப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். வாசல் கழுவலாம், பாத்ரூம் கழுவலாம். தொட்டிச் செடிக்கு வேண்டாம்.

நுனி மட்டும் ஏன் கருகுகிறது? வேர் உறிஞ்சும் தண்ணீர் இலை வழியே ஆவியாகிப் போய்விடுகிறது. அதோடு வந்த உப்பு போக இடமில்லாமல் இலையின் கடைசி முனையில் தங்கிவிடுகிறது. தொட்டி மண்ணிலும் இதே கதைதான். தோட்டத்து மண் என்றால் ஒரு நல்ல மழையில் உப்பு கீழே இறங்கிவிடும். தொட்டியில் அது சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. செடி வாடியது போல நிற்கும். பார்க்கிறவர்கள் பாவம், தாகம் என்று நினைத்து இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவார்கள்.

புதுச்சேரியிலும் கடலூரிலும் கடலை ஒட்டிய தெருக்களில் போர் போட்டவர்களுக்கு உப்புத் தண்ணீரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நல்ல தண்ணீருக்கு ஊருக்கு வெளியே கை நீட்டுவதும் இங்கே புதிதில்லை. புதுச்சேரி பாரதி பூங்கா நடுவில் நிற்கும் ஆயி மண்டபமே, முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவுதான்.

இதில் நானும் சூடுபட்டவன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு அலுவலக வரவேற்பறைக்குப் பன்னிரண்டு பாம் வைத்துக் கொடுத்தேன். கட்டடத்தில் சாஃப்ட்னர் இருந்தது, சோப்பு நன்றாக நுரைத்தது. நல்ல தண்ணீர் என்று நம்பிவிட்டேன். சாஃப்ட்னர் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது. குழாயில் வெள்ளைப் படிவு வராது. ஆனால் டிடிஎஸ் குறையாது, செடிக்கோ கால்சியத்தைவிட சோடியம் பல மடங்கு மோசம். மூன்று மாதத்தில் ஏழு செடிகள் போய்விட்டன. மீட்டர் வாங்கியது அதற்கப்புறம்தான். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒரு செடியின் விலைகூட இல்லை.

சரி, எந்தத் தண்ணீரை ஊற்றுவது? முதலில் மழைநீர். அடுத்தது ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து வருவதால் அதில் உப்பு அநேகமாக இருக்காது. நம் கடலோரப் புழுக்கத்துக்கு ஒரு ராத்திரி ஏசி ஓடினாலே அரை வாளிக்குக் குறையாமல் சேரும். இரண்டுமே இல்லையென்றால் போர் தண்ணீரோடு அதைப்போல இரண்டு பங்கு நல்ல தண்ணீர் கலந்து ஊற்றுங்கள்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்ட உப்பை வெளியேற்ற, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தொட்டியைக் குளியலறையில் வைத்து, தொட்டி கொள்ளும் அளவைப்போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக விட்டு அடித்துளை வழியே வடியவிடவேண்டும். துளை இல்லாத பீங்கான் தொட்டியில் நேரடியாக நட்டிருந்தால் இதைச் செய்ய முடியாது. அப்படிப்பட்ட தொட்டியை அழகுக்கு வெளியே வைத்து, துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியை அதற்குள் இறக்கிவிடுங்கள்.

கோகோபீட் பற்றியும் ஒரு வார்த்தை. கழுவாத தென்னை நார்க்கழிவிலேயே உப்பு இருக்கும். கட்டியை ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரை மாற்றி இரண்டு மூன்று முறை அலசியபிறகே மண்ணில் கலக்கவேண்டும். உரமும் ஒரு வகையில் உப்புதான். நுனி கருகிய செடிக்கு 'சத்துப் போதவில்லை' என்று உரம் போடுவது, ரத்தக்கொதிப்புக்காரருக்கு ஊறுகாய் பரிமாறுவது மாதிரி.

தண்ணீரின் தரம் சரியானாலும் தினம் ஊற்றுகிற பழக்கத்தை விடவேண்டும். விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்றவேண்டாம், காய்ந்திருந்தால் அடியில் வடியும்வரை ஊற்றுங்கள். பங்குனி, சித்திரையில் இது வாரம் இரண்டு மூன்று முறை வரலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பத்து நாள்கூட ஊற்றாமல் இருந்திருக்கிறேன். செடி வாங்கி வந்தபோது வேரைச் சுற்றி ஒட்டுகிற களிமண் உருண்டை இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஆந்திராவின் நர்சரி ஊரான கடியத்திலிருந்து லாரியில் வரும் செடிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். மேல்மண் காய்ந்து வெடித்திருக்கும், நடுவே களி ஈரமாகவே கிடக்கும். விரல் போதாது, ஒரு மூங்கில் குச்சியைச் செருகிப் பாருங்கள்.

வடிந்த தண்ணீர் அடித்தட்டில் நிற்கக் கூடாது. வேர் அழுகுவது ஒரு காரணம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பது இன்னொன்று. கொசுவை ஆராய 1975இல் தொடங்கிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) மையம் நம் ஊரிலேயே இருக்க, நம் கூடத்துத் தட்டில் நாமே கொசு வளர்ப்பது நன்றாகவா இருக்கிறது?

கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது. கத்தரிப்பதானால் இலையின் கூர்வடிவத்திலேயே வெட்டி, பழுப்பில் நூலளவு விட்டுவிடுங்கள். பச்சையைத் தொட்டால் அங்கிருந்து மறுபடி கருகும். அடி ஓலை மஞ்சளானால் முழுக்கக் காயும்வரை வெட்டாதீர்கள். பழைய ஓலையிலிருந்து பொட்டாசியத்தை எடுத்துத்தான் செடி புது ஓலைக்குக் கொடுக்கும். குருத்தில் மட்டும் கத்தரி படவே கூடாது. தென்னை வளர்த்தவர்களுக்குத் தெரியும், குருத்து போனால் அந்தத் தண்டு போயிற்று.

வெளிச்சத்துக்குக் கிழக்கு ஜன்னல் நல்லது, மத்தியான வெயில் நேரே விழவேண்டாம். ஏசி அறையில் இலைக்கு அடியில் மெல்லிய வலை தெரிந்தால் செஞ்சிலந்தி. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து வாரம் ஒருமுறை தெளியுங்கள்.

அரேகா பாம் காற்றைச் சுத்தமாக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். 1989இல் வந்த நாசா ஆய்வு மூடிய பெட்டிக்குள் நடந்தது. ஜன்னல் திறந்து மூடும் வீட்டில் ஒன்றிரண்டு தொட்டிகளால் அப்படி எதுவும் நடக்காது. அழகுக்காக வாங்குங்கள், அது போதும். நாய் வளர்ப்பவர்கள் 'சேகோ பாம்' என்று விற்கப்படும் சைகஸை மட்டும் வாங்காதீர்கள். அது பாம் இனமே இல்லை. அதன் எல்லாப் பாகமும் நாய்க்கு விஷம், விதை மிக மோசம், ஈரலையே கெடுத்துவிடும். அரேகாவால் அந்தப் பயம் இல்லை.

முத்தியால்பேட்டை அம்மாவிடம் மழை நாட்களில் தொட்டியை மொட்டை மாடியில் வைத்து, வெயில் வந்ததும் கீழே இறக்கச் சொல்லியிருந்தேன். தையில் போனபோது புது ஓலை இரண்டு விரிந்திருந்தன, நுனிவரை பச்சை. பழைய ஓலைகள் அதே பழுப்போடு இருந்தன. ஏசிக் குழாய்க்குக் கீழே ஒரு பெயின்ட் வாளி.

"மூடி இல்லையேம்மா, கொசு வருமே?" என்றேன்.

"பக்கத்துல வந்து பாருங்க. வேட்டித் துணி கட்டியிருக்கேன். மாடி வீட்டு ஏசி தண்ணியும் சும்மாதான் ரோட்டுல போகுது. ஒரு ட்யூப் போட்டு இங்க இறக்கிக் குடுங்களேன் தம்பி."