வெள்ளை கிளேஸ் தட்டில் ஊறுகாய் வைக்கலாமா?

வெளிநாடு போய்வந்தவர்கள் எங்கள் பட்டறைக்கு ஒரு தட்டையோ கிண்ணத்தையோ எடுத்துவந்து காட்டுவார்கள். லிஸ்பனில் பழைய சாமான் கடையில் கிடைத்த நீலப்பூத் தட்டு, இத்தாலியில் வாங்கிய எலுமிச்சை வரைந்த ஜாடி, மெக்சிகோவின் புவெப்லாவிலிருந்து வந்த தலவேரா என்ற வண்ண மண்பாண்டக் கிண்ணம். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இதுல சாப்பிடலாமா சார்?"

நான் முதலில் கவிழ்த்துப் பார்ப்பது அடிப்பகுதியை. கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு படாத இடத்தில் காவி மண்ணோ வெளிர்மஞ்சள் மண்ணோ தெரிந்தால், விளிம்பில் பெயர்ந்த இடத்தில் மண்ணின் மேல் முட்டை ஓடு மாதிரி வெள்ளைத் தோல் ஒட்டியிருந்தால், அது பீங்கான் இல்லை. வெள்ளீயம் (டின்) கலந்த கிளேஸ் போட்ட மண்பாண்டம். பீங்கான் உடைந்தால் உள்ளும் வெள்ளைதான். டார்ச் அடித்தால் மெல்லிய இடத்தில் வெளிச்சம் கசியும்.

பீங்கானைப் போலத் தோன்றவேண்டும் என்றே வளர்ந்த கலை இது. 9ஆம் நூற்றாண்டில் அப்பாசியர் ஆட்சியிலிருந்த இராக்குக்குச் சீனத்து வெள்ளைக் கலங்கள் கடல்வழியே வந்து இறங்கின. பஸ்ரா குயவர்களிடம் அதற்கான வெண்களிமண்ணும் இல்லை, அவ்வளவு சூடு எழுப்பும் சூளையும் இல்லை. கைவசம் இருந்த சுண்ணாம்புச் சத்துள்ள களிமண்ணையே வெள்ளை கிளேஸால் மூடி, மேலே கோபால்ட் நீலத்தில் வரைந்தார்கள். அந்த வித்தை ஸ்பெயினின் மாலகா, மனிசெஸ், இத்தாலியின் ஃபாயன்சா, உர்பினோ, ஹாலந்தின் டெல்ஃப்ட் என்று ஊர் ஊராகப் போனது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலிருந்து வெட்ஜ்வுட் என்ற குயவரின் மலிவான, உறுதியான கிரீம்நிறப் பாத்திரங்கள் வந்து இதன் சந்தையைப் பிடித்துக்கொண்டன.

செய்முறை சொல்ல எளிது, கைக்குக் கடினம். மண்கலத்தை முதலில் சுமார் 1000 டிகிரியில் சுட்டு, கிளேஸ் கரைசலில் முக்கி எடுப்பார்கள். நீரைக் கலம் உறிஞ்சிவிட, மேலே மாவு படிந்தாற்போல் ஒரு பூச்சு நிற்கும். சுடாத அந்த மாவின் மேல்தான் வரைய வேண்டும். தூரிகை தொட்ட மறுகணம் நிறம் உள்ளே போய்விடும். துடைத்துச் சரிசெய்யலாம் என்று துணியை எடுக்கும் மாணவருக்கு நீலம் ஈஷிக்கொள்வதோடு கிளேஸும் உதிரும். சுரண்டிவிட்டு மறுபடி முக்க வேண்டியதுதான். இரண்டாவது சூட்டில் கிளேஸ் கண்ணாடியாக உருகும். வெள்ளீய ஆக்சைடு பெரும்பாலும் அதில் கரையாமல் நுண்துகளாக நின்று ஒளியைச் சிதறடிக்கும். அந்தப் பால்வெள்ளைக்கு நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வெள்ளீய ஆக்சைடு போதும்.

வெள்ளீயத்தால் பயமில்லை. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு சுத்தமான வெள்ளீயமாக இருந்தால் அதற்கும் அதே பதில்தான். சிக்கல் காரீயத்தில், அதாவது லெட்டில். குறைந்த சூட்டில் கிளேஸ் உருக ஏதாவது ஒரு உருக்கி வேண்டும். பழைய குயவர்கள் காரீயத்தையும் வெள்ளீயத்தையும் சேர்த்தே எரித்துப் பொடியாக்கி, மணலோடு கலந்தார்கள். அதில் காரீயமே அதிகம். போதாக்குறைக்கு, இத்தாலியர்கள் ஓவியம் பளபளக்க மேலே இன்னொரு காரீயப் பூச்சும் கொடுப்பார்கள். அந்த அழகுக்குக் குயவர்கள் உடம்பால் விலை கொடுத்தார்கள். காரீயத்தைக் கையாளும் குயவர்களின் கை நடுங்கும், பிறகு செயலிழக்கும் என்று இத்தாலிய மருத்துவர் ரமாட்சினி 1700லேயே எழுதிவிட்டார்.

நன்றாகச் சுட்ட கிளேஸில் காரீயம் பெருமளவு கண்ணாடிக்குள் கட்டுண்டு கிடக்கும். சூடு போதாமல் இறக்கிய கலமோ, தேய்ந்த பரப்போ என்றால் புளிப்பு பட்டதும் கசியும். காரீய கிளேஸில் செம்புப் பச்சை இருந்தால் கசிவு இன்னும் கூடும். பச்சை தீட்டிய பழைய கிண்ணம் என்றால் எனக்குக் கூடுதல் சந்தேகம். ஆய்வகத்தில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை 22 டிகிரியில் 24 மணி நேரம் ஊற்றிவைத்து அளப்பார்கள். 1984ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதிப்படி, சாதாரணக் குழிவான பாத்திரத்துக்கு வரம்பு லிட்டருக்கு 4 மில்லிகிராம். நம் வீட்டு எலுமிச்சை ஊறுகாய் ஜாடியில் மாதக்கணக்கில் கிடக்கும். குழந்தைகள் ரத்தத்தில் காரீயம் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆகவே பழைய தட்டு என்றால் சுவரில் மாட்டுங்கள். மாட்டுவதற்காகத் துளை போடாதீர்கள், அந்தத் தூசியிலும் காரீயம் இருக்கும். கம்பிக் கொக்கி போதும். பழைய ஓடுகளைத் தேய்க்கவோ அறுக்கவோ வேண்டாம். புதிதாக வாங்குவது எல்லாமே ஆபத்தானது இல்லை, இன்று பல பட்டறைகள் காரீயமில்லாத கிளேஸுக்கு மாறிவிட்டன. ஆனால் கடைக்காரர் வாய்வார்த்தை போதாது, பரிசோதனைச் சான்று கேளுங்கள். காரீயம் பட்டால் நிறம் மாறும் என்று இணையத்தில் விற்கும் குச்சிகளை நம்பி முடிவெடுக்க வேண்டாம். உணவில் எவ்வளவு கசியும் என்பதை அவை சொல்லாது.

இந்தக் கலையைக் கற்க வருகிறவர்களுக்கு: செவ்வீயம் என்ற சிவப்புக் காரீயப் பொடியைத் தொடவே தொடாதீர்கள். காரீயமில்லாத போரான் ஃபிரிட்டில் (முன்பே உருக்கி அரைத்த கண்ணாடிப் பொடி) வெள்ளீய ஆக்சைடு கலந்தாலே 1050 டிகிரிக்குள் அருமையான வெள்ளை வரும். வெண்மைக்கு வெள்ளீயத்துக்குப் பதில் போடும் சிர்கான் மலிவுதான், ஆனால் தூரிகை வேலைக்கு வெள்ளீயத்தின் மென்மை அதில் கிடைக்காது, என் வாக்கு விலை கூடின வெள்ளீயத்துக்கே. அதே சூளையில் குரோம் கலந்த பச்சைக் கலத்தைப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள்; குரோம் ஆவி பட்டு வெள்ளைத் தட்டு இளஞ்சிவப்பாக வெளியே வரும்.