பெண்களுக்கு இலவச வக்கீல்: வருமான வரம்பு கிடையாது

விவாகரத்து, ஜீவனாம்சம், குழந்தை யாரிடம் இருப்பது என்று பிரச்சினை கோர்ட் வாசலுக்கு வந்ததும் முதலில் வரும் பயம் வக்கீல் ஃபீஸ்தான். நகையை அடகு வைத்துக் கட்டிய பெண்களைப் பார்த்திருக்கிறேன். அரசுச் செலவிலேயே வக்கீல் கேட்கும் உரிமை தங்களுக்கு இருந்தது என்று அவர்களிடம் யாருமே சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை.

1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லை. "நான் வேலைக்குப் போகிறேனே, எனக்கு எப்படித் தருவார்கள்?" என்று தயங்க வேண்டாம். மாதச் சம்பளம் வாங்கும் பெண்ணும் கேட்கலாம். இந்தப் பிரிவுகளில் வராத ஆண்களுக்குப் பெரும்பாலும் மாநில அரசு வகுத்த வருமான வரம்பைப் பார்ப்பார்கள். அதற்குப் பொதுவாகப் பிரமாணப் பத்திரம் போதும்.

சரி, எங்கே போவது? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். தாலுகா அளவில் வட்ட சட்டப் பணிகள் குழு உண்டு. 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம். மனு எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லலாம், அவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

போகும்போது ஆதார், கல்யாணத்துக்கான ஆதாரம், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு வெள்ளைத்தாளில் தேதிகளை வரிசையாக எழுதுங்கள்: கல்யாணம் எப்போது, வீட்டைவிட்டு வெளியேறியது எப்போது, கடைசியாகப் பணம் கொடுத்தது எப்போது. அழுதுகொண்டே அரை மணி நேரம் சொல்வதை அந்த ஒரு தாள் சொல்லிவிடும். கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருந்தால் அதில் உள்ள வாய்தா தேதியை முதலில் காட்டுங்கள். அன்றைக்கு ஆஜராகாமல் விட்டால் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடலாம், அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலேயே வழக்கு நடந்துவிடும்.

வக்கீலை நியமித்த பிறகு கோர்ட் கட்டணம், டைப்பிங் என எதற்கும் அவர் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. கேட்டால் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். அந்தப் பதவியில் இருப்பவரும் ஒரு நீதிபதிதான். வக்கீல் வாய்தாவுக்கு வரவில்லை, பேசுவதில்லை என்றாலும் காரணம் எழுதி மாற்றித் தரக் கேட்கலாம்.

அடி உதை, மிரட்டல் இருந்தால் வக்கீல் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் நேரடியாகப் போகலாம்.

தனியாக வக்கீல் வைத்துக்கொள்ள விரும்பினால், உங்கள் ஊர்க் கோர்ட்டில் குடும்ப வழக்குகளை நடத்துபவராகப் பாருங்கள். இந்து திருமணச் சட்டப்படி மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே விவாகரத்து மனு போடலாம் என்பதால் தூரத்து வக்கீல் தேவையில்லை. அந்தச் சட்டத்தின் 24ஆவது பிரிவில், போதிய வருமானம் இல்லாதவர் வழக்குச் செலவை எதிர்த்தரப்பிடம் கேட்கவும் வழி இருக்கிறது.

வரும் ஜீவனாம்சத்தில் இவ்வளவு சதவீதம் என்று வக்கீல் ஃபீஸ் பேசக் கூடாது, பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கொடுக்கும் பணத்துக்கு ரசீது வாங்குங்கள். பின்னால் வக்கீலை மாற்ற நேர்ந்து, "பாக்கியைக் கொடுத்தால்தான் கேஸ் கட்டைத் தருவேன்" என்று அவர் சொன்னால், அப்படி வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதைச் சொல்லிக் கேளுங்கள்.